முதல் வேண்டாம்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் நான்கு பெண்கள் சேறு மிதிக்கப் போவோம். வீட்டில் "நடைக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவது வழக்கம். அது உண்மைதான். நடை முடிகிற இடத்தில் ஒரு பப் இருக்கும் என்பதை மட்டும் முதல் ஒரு வருசம் யாரும் வீட்டில் சொல்லவில்லை. பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். கடைசியில் என் ஜாக்கெட் பைக்குள் இருந்து பியர் கிளாசுக்குக் கீழே வைக்கிற மட்டை ஒன்றை என் மகள் கண்டெடுத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தகப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல் "குளிருக்கு நல்லதுதானே" என்றார். ஒரு வருசம் ஒளித்தது வீணாய்ப் போனது.

இதைத் தொடங்கி வைத்தது என்னுடைய சீனி வருத்தம். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். நான் கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து, காதுக்குள் சனத்தின் ஏச்சை வாங்குவதுதான் வேலை. ஆகவே முதலில் கிங்ஸ்பரியில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றினேன். முதல் சுற்றில் ஒருவர், "என்ன, மெலிஞ்சு போனீங்கள், ஏதும் வருத்தமே?" என்றார். அடுத்த சுற்றில் இன்னொருவர், "என்ன, கொஞ்சம் உடம்பு வைச்சிட்டீங்கள் போல கிடக்கு" என்றார். ஒரே காலமையில்! எனக்கு வந்த கோபத்தில் அடுத்த சனிக்கிழமை ரெயில் ஏறிவிட்டேன். மெற்றோபொலிற்றன் பாதை லண்டனை விட்டு வெளியே ஓடி செஷாம் என்ற ஊரில் முடிகிறது. கடைசி ஸ்ரேசனில் இறங்கினால் என் உடம்பைப் பற்றி விசாரிக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அங்கே மேடும் பள்ளமுமாய் வயல், பீச் மரக்காடு, குதிரை, ஆடு. ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. எனக்குப் பிடித்துப்போனது.

மற்ற மூவரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருத்தி, என்னோடு முன்பு வேலை செய்தவள், இப்போது கணக்காளர். எங்களுக்குள் அவள் பெயரே மலேசியாதான். வழிகாட்டுவது அவள் பொறுப்பு. போனில் ஒரு வரைபடம், அதை நம்பாமல் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு காகித வரைபடம், இரண்டையும் நம்பாமல் எதிரில் வருகிற ஆளிடம் ஒரு விசாரணை. ஐந்து வருசத்தில் ஒரு தரம்கூட எங்களை வழிதவற விட்டதில்லை. அடுத்தவர் ரீச்சர். என் மகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தவர், எழுபத்தொரு வயது, அப்டன் பார்க்கில் இருந்து லண்டனைக் குறுக்கே கடந்து வருவார். வருவதில் முதல் ஆள், மேட்டில் ஏறுவதிலும் முதல் ஆள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப்போனால் மேலே நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். பப்பில் கறுப்பு பியர் அரைக் கிளாஸ்தான் குடிப்பார், அதையும் மருந்து குடிக்கிற முகத்தோடு குடிப்பார். ஆனால் மிச்சம் விட்டதை நான் கண்டதில்லை.

மூன்றாவது ஆள்தான் பாரிஸ் அக்கா. இந்தக் கதை அவருடையது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருபது வருசம் பாரிஸில் உணவகங்களின் அடுப்படியில் நின்றவர். பிறகு கணவனோடும் மகனோடும் லண்டன் வந்து, என் வீட்டில் இருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார். கணவர் நான்கு வருசத்துக்கு முன் இறந்துவிட்டார், மகன் மான்செஸ்டரில். ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பதினொரு வருசம் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்தார்.

அவரோடு நடப்பது தனிச் சுகம். காட்டுக்குள் காளான் கண்டால் நின்று, குனிந்து, மணந்து, "உது கூடாது, தொடாதையுங்கோ" என்பார். பப்பின் பின்பக்கத்தால் வரும்போதே உள்ளே என்ன வேகிறது, எது அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவார். அவருடைய தோள்பையில் ஈயத்தாளில் சுற்றிய மட்டன் ரோல்ஸ் எப்போதும் இருக்கும். வெளிச் சாப்பாட்டைப் பப்புக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட ஏலாது என்பதால், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேவாலய மதிலில் வரிசையாகக் குந்தியிருந்து சாப்பிடுவோம். அந்த ரோல்ஸின் மேல்தோல் உடைகிற சத்தம் எதிர்ப்பக்கம் நிற்கிற குதிரைக்கும் கேட்கும். நான் ஊரில், கொழும்பில், ரொறொன்ரோவில் எல்லாம் ரோல்ஸ் சாப்பிட்டவள். அப்படி ஒன்று எங்கும் சாப்பிட்டதில்லை. இதை எழுதும்போதும் வாய் ஊறுகிறது.

போன கோடையில் அந்தப் பள்ளிக்கூடம் சாப்பாட்டை வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டது. தட்டுத் தட்டாய் வான் வண்டியில் வரும், சூடாக்கினால் போதும். சூடாக்குவதற்குச் சமையல்காரி எதற்கு? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். படிவங்களை நான் நிரப்பிக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயது என்று எழுதும்போது எனக்கே கை தயங்கும். "அறிவிக்கிறோம்" என்பார்கள், அறிவிக்கமாட்டார்கள். ஒரு நாள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "நூற்றைம்பது பிள்ளையளுக்குச் சமைச்சனான். இப்ப ஒருத்திக்கு எவ்வளவு உப்புப் போடுறதெண்டு தெரியேல்லை. கைதான் அளவு. கைக்கு ஒரு ஆளின்ர அளவு வருதில்லை."

அவருக்கு வேண்டியது ஒரு அடுப்படி. சாப்பிட ஆட்கள் இருக்கிற ஒரு அடுப்படி. பெனிபிட் படிவம், அனுதாபம், என் ஆலோசனை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் அடிக்கடி போகிற பப் செஷாமில் இருந்து இரண்டு மைல் தள்ளி, மேட்டில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. வாசலில் ஒரு கிழட்டு நாய் குறுக்கே படுத்திருக்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அதனால் நாங்கள் அதை நாய்க்கடை என்போம். நடத்துகிற மனுசிக்கு அறுபது வயது இருக்கும், தலைமயிரைக் கட்டையாக வெட்டி, கைகள் இரண்டும் உரலில் குற்றிய கைகள் மாதிரி. கதை குறைவு. முதல் நாள் நாங்கள் நான்கு பேரும் சேற்றுச் சப்பாத்தோடு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று யோசித்தபோது, "கதவைச் சாத்திக்கொண்டு வாங்கோ, குளிர் வருது" என்றார், ஆங்கிலத்தில்தான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் போனால், சாப்பாடு எழுதுகிற கரும்பலகையில் சூப் என்ற ஒரு சொல் மட்டும் கிடந்தது. சமையல்காரர் வேலையை விட்டுவிட்டாராம். அக்காவால் தாங்க முடியவில்லை. "அடுப்பு இருக்கு, சனம் இருக்கு, சமைக்க ஆளில்லை" என்று, யாரோ செத்த வீட்டுக் கதை சொல்வது போலச் சொன்னார். வெளிக்கிடும்போது மிச்சம் இருந்த நான்கு ரோல்ஸையும் ஈயத்தாளோடு அந்த மனுசியின் கையில் வைத்தார். அவர் நின்றபடியே ஒன்றைக் கடித்தார். முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்?

பிறகு நத்தார் பண்டிகை, மழை, ரீச்சருக்குத் தடிமன் காய்ச்சல். தை மாதம் ஒரு சனிக்கிழமைதான் திரும்பவும் போனோம். கரும்பலகையில் அதே சூப். நாங்கள் மேசைக்கு வந்து இருந்து கொஞ்ச நேரத்தில் அந்த மனுசி வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு இருந்தார். ஒருநாளும் இருந்ததில்லை. அக்காவைப் பார்த்து நேராகவே கதைத்தார். சமையலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்த ரோல்ஸை யோசித்துக்கொண்டே இருந்தாராம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஏலுமா? ஸ்ரேசனில் இருந்து தானே காரில் ஏற்றிக்கொண்டு வருவதாகவும் சொன்னார்.

அக்காவின் முகம் விரிந்ததை நான் கண்டேன். கண் கலங்கியதையும் கண்டேன். அதே நேரம் அவருடைய வலது கை மேசைக்கு மேலே எழும்பி இடமும் வலமுமாய் ஆடத் தொடங்கியது.

"நோ, நோ, நோ. தேங்க் யூ. நோ, நோ."

"ஃபெயர் இனஃப், லவ்" என்றார் அந்த மனுசி, அப்ப சரியம்மா என்கிற மாதிரி. கதிரையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போய் யாருக்கோ பியர் ஊற்றினார்.

அரை நிமிசத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மலேசியா ரொய்லெற்றில் இருந்து திரும்பி வரும்போது அந்தக் கதிரை வெறுமையாய் இருந்தது. ரீச்சர் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார், மற்றவளுக்கு வந்த கேள்விக்கு வாய் வைக்கக் கூடாது என்பது அவருடைய முறை. நானோ, அக்காவுக்கு விருப்பம் இல்லை, கிங்ஸ்பரியில் இருந்து தூரம்தானே என்று நினைத்துவிட்டு என் சிப்ஸைச் சாப்பிட்டேன். வேண்டாம் என்றாரே, வேண்டாம்தான் என்று அப்படியே நம்பினேன்.

வெளியே வந்து செஷாமை நோக்கி நடந்தோம். இரண்டு வயல் தாண்டும்வரை அக்கா எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தார். வேலியில் ஏறிக் கடக்க இங்கே மரப்படி போட்டிருப்பார்கள், ரீச்சர் அதைக் கடப்பு என்பார், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். இரண்டாவது கடப்பில் ரீச்சர் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டார். அக்கா ஒரு காலைப் படியில் வைத்தவர், அப்படியே நின்றார்.

"அவ திருப்பிக் கேக்கேல்லையே" என்றார்.

"ஆர்?"

"அந்த மனிசி. திருப்பிக் கேப்பா எண்டு நினைச்சன்."

எனக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணி குடிக்கிறீங்களே என்று கேட்டால் யாராவது ஓம் என்பார்களா? "சீச்சீ, வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்போம். "அதென்ன, ஒரு வாய் குடியுங்கோ" என்பார்கள். "ஐயோ, கரைச்சல் படாதையுங்கோ" என்போம். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். முதல் தரமே ஓம் என்றால் அந்தரப்பட்டவள், அலைஞ்சவள் என்று ஆகிவிடும். முதல் வேண்டாம் ஒரு மரியாதை. கேட்டவருக்கு அது தெரியும், மறுத்தவருக்கும் தெரியும். அந்த மனுசிக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்கென்ன விசரே?" என்று நான் கத்தினேன். பக்கத்து வயலில் நின்ற ஆடுகள் ஓடின. "ஆறு மாசமா வேலை, வேலை எண்டு... வீடு தேடி வந்ததைக் கையால கலைச்சுப்போட்டு வந்து நிக்கிறீங்கள்! இஞ்ச ஆரக்கா திருப்பிக் கேக்கிறது? இத்தினை வருசமா உங்களுக்குத் தெரியாதே?"

"எப்பிடித் தெரியும்? பாரிஸில தமிழாக்களோடதானே நிண்டனான். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. சொன்னவை, செய்தனான்."

முப்பது வருசத்துக்கு மேல் இந்த நாடுகளில் வேலை செய்த ஒருத்தியிடம், 'உனக்கு விருப்பமா' என்று யாரும் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. முதல் தரம் கேட்டபோது, பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் பதில் சொல்லியிருக்கிறார். என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அந்தரித்தது.

அந்தப் பக்கம் நின்ற ரீச்சர் திரும்பக் கடப்பில் ஏறி இந்தப் பக்கம் இறங்கினார். "நடவுங்கோ" என்றார். வந்த வழியே நடக்கத் தொடங்கிவிட்டார்.

"ரீச்சர், நாலரைக்கெல்லாம் இருட்டிரும்" என்றாள் மலேசியா, போனைப் பார்த்தபடி. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்தாள். "சரி சரி, என்கிட்ட டோர்ச் இருக்கு. வாங்க, போவோம்" என்றாள்.

திரும்பிப் போகிற அந்த வழியை நான் மறக்கமாட்டேன். காலில் அரை இறாத்தல் சேறு, எதிர்க்காற்று, நடுவில் ஒரு ஆங்கில வகுப்பு. சொன்ன 'வேண்டாம்' ஒன்றை எப்படித் திருப்பி எடுப்பது?

"லேசுக்கா" என்றாள் மலேசியா. "'ஐ சேஞ்ச்ட் மை மைண்ட்'னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நான் மனம் மாறேல்லையே" என்றார் அக்கா. "எனக்கு முதலே ஓம்தானே."

"அது ஒரு பேச்சுக்குக்கா."

"பேச்சுக்கெண்டாலும் அது பொய்யெல்லே. வேலை கேக்கப் போற இடத்தில முதல் வசனமே பொய்யோ?"

ரீச்சர், முதலில் எங்கள் பண்பாட்டில் விருந்தோம்பல் எப்படி என்பதை அந்த மனுசிக்கு விளக்கவேண்டும் என்றார். மூன்று வசனத்தில் சொல்லலாம் என்று தொடங்கினார், எட்டாவது வசனத்தில் நான் மறித்தேன். "ரீச்சர், அவ பப் நடத்துறா. பரீட்சை எழுதேல்லை." ரீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் மகளே அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எழுத்து பழகினாள். அக்கா மட்டும் வாய்க்குள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். உதவி கேட்கவில்லை.

நாயைத் தாண்டி உள்ளே போனோம். நான்கைந்து பேர் இருந்தார்கள். அந்த மனுசி எங்களைக் கண்டதும், "என்ன விட்டுவிட்டுப் போனீங்கள்?" என்று கேட்டு, மேசைக்குக் கீழே குனிந்து தேடத் தொடங்கினார். குடையோ கையுறையோ என்று நினைத்தாராக்கும்.

அக்கா நேரே போய் அவருக்கு முன்னால் நின்றார். அவருடைய ஆங்கிலத்தில் பாதி பிரெஞ்சு, மீதி பள்ளிக்கூடத்துச் சமையலறை. அதில் அவர் சொன்னது இதுதான்.

"மடாம், நான் நோ சொன்னேன். அது நோ இல்லை. எங்கட ஆக்கள் முதல் தரம் எல்லாரும் நோ சொல்லுவோம். நீங்கள் இன்னொருக்காக் கேட்டால் யெஸ் சொல்லுவன். நீங்கள் கேக்கேல்லை. அதனால திரும்பி வந்தனான்."

பொய் இல்லை, கெஞ்சல் இல்லை, பண்பாட்டு விரிவுரையும் இல்லை. இதைவிட நேராக ஒருத்தர் தன் ஆசையைச் சொன்னதை நான் கேட்டதில்லை. என் வேலையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கதைக்கிற எனக்கு அந்த ஆறு வசனம் வந்திராது.

அந்த மனுசி முகத்தைச் சுருக்கினார். "நீங்கள் போனதும் ஏஜென்சிக்கு மெசேஜ் விட்டுட்டன். திங்கள் ஒரு ஆளை அனுப்புவினம்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "சரி" என்று தமிழில் சொன்னார், மெதுவாக. திரும்பி நடக்க வெளிக்கிட்டார்.

"நில்லுங்கோ" என்றார் அந்த மனுசி. துணியால் கையைத் துடைத்தார். "இப்ப நான் இரண்டாந்தரம் கேட்டால்? வருவீங்களா?"

இனித்தான் பகிடி. அக்காவின் வலது கை தன் பாட்டில் எழும்பியது! ஐம்பத்தெட்டு வருசப் பழக்கம், அது அவரைக் கேட்டா எழும்பும்? அது ஆடத் தொடங்குவதற்கு முன் ரீச்சர் பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அமத்தினார். எழுபத்தொரு வயசு மனுசி, அந்தப் பாய்ச்சலைப் பார்த்திருக்க வேண்டும்.

"யெஸ்!" என்றார் அக்கா. அந்தச் சத்தத்துக்கு வாசலில் கிடந்த நாய் எழும்பி நின்றது.

பிறகு அவர் அடுப்படியைப் பார்க்கவேண்டும் என்றார். நாங்களும் பின்னால் போய்க் கதவடியில் நின்றோம். அக்கா அடுப்பை ஒவ்வொன்றாய்ப் பற்ற வைத்து அணைத்தார். குளிர்பெட்டியைத் திறந்து மூடினார். கத்தி ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவினார். "மடாம், கத்தி மொட்டை" என்றார். வேலை கிடைத்து ஐந்து நிமிசம் ஆகவில்லை! அந்த மனுசி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒரு நாள் சமைத்துக் காட்டச் சொன்னார். காட்டினார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்த அடுப்படி அக்காவுடையது. கரும்பலகையில் சூப்புக்குக் கீழே ஏழு வரி இருக்கிறது. நாங்கள் மூவரும் நடந்துபோய்ச் சேற்றுக் காலோடு சாப்பிட உட்கார்ந்தால், உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "கையைக் கழுவினீங்களே?" என்று எங்களை அதட்டுவார்.

அதெல்லாம் பிறகு. அன்று செஷாமில் ரெயில் ஏறும்போது ஐந்து மணி. நால்வரும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தோம். மலேசியா ஹரோவில் இறங்கினாள். ரீச்சர் அதே ரெயிலில் தொடர்ந்து போனார். நானும் அக்காவும் வெம்ப்ளி பார்க்கில் இறங்கி, கிங்ஸ்பரி ரெயிலுக்கு நின்றோம். ஒரே ஒரு ஸ்ரேசன் தூரம்.

எனக்கு வெற்றிக் களிப்பு. சும்மா இருக்க ஏலாத வாய். "இனியாவது ஒருத்தர் கேட்டா முதல் தரமே ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன். "இஞ்சத்த ஆக்கள் ஒருக்காத்தான் கேப்பினம். தெரிஞ்சுதே?"

"ஓம். தெரியும்" என்றார். சப்பாத்துச் சேற்றைப் பிளாட்போம் ஓரத்தில் தேய்த்துக்கொண்டே, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "நீயும் ஒருக்காத்தான் கேட்டனி" என்றார்.

"நானோ? எப்ப?"

"இவர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, 'வரட்டே அக்கா' எண்டு கேட்டனி. நான், வேண்டாம், உனக்கு வேலையெல்லே எண்டு சொன்னனான்."

"ஓம். சொன்னீங்கள்."

"நீ, 'சரி அக்கா, ஏதும் தேவையெண்டா எடுங்கோ' எண்டு வைச்சிட்டாய். நான் போனை மடியில வைச்சுக்கொண்டு கன நேரம் இருந்தனான்."

அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. ஏதோ பஸ் பிந்திய கதை சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெளியே மழை, அடுத்த நாள் வேலை, ஆஸ்பத்திரி மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கேட்டேன், வேண்டாம் என்றார், என் கடமை முடிந்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த மனுசிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த அக்கா என்னோடு எத்தனை மேடு ஏறியிருக்கிறார், எத்தனை ரோல்ஸ் கொண்டுவந்து தந்திருக்கிறார், ஒரு நாள் ஒரு சொல்லில்கூட இதைக் காட்டியதில்லை. என்ன மனுசி இவர் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் வந்திருக்க வேணும்" என்றேன்.

"சீ, விடு. அப்ப உனக்கும் வேலை" என்றார். ரெயில் வந்தது.

உள்ளே இடம் இருந்தும் நாங்கள் இருக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவரே விடச் சொல்லிவிட்டார், விட்டிருக்கலாம். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு வேறு கதை தொடங்கியிருக்கலாம்.

"இல்லையக்கா. உங்களுக்கு நொந்திருக்கும்."

"இல்லையடி, அதொண்டுமில்லை. நான் சும்மா சொன்னனான்."

கிங்ஸ்பரி வந்தது. கதவு திறந்தது. சனத்தோடு சனமாய் நடந்து படியடிக்கு வந்தோம். பாதிப் படி ஏறியதும் நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள்.

"அக்கா, நொந்ததே?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "சரியா நொந்தது."